தியேட்டர் பிரிண்டை ஸ்கேன் செய்தால் அது ‘அசல்’ ஆகிவிடுமா?

வாசகர் கேள்வி – 14 ஜூன் 2025

லண்டனில் பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிடியூட் 12ஆம் தேதி இரவு ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் 1977ஆம் ஆண்டுப் பிரிண்டையே ஓட்டிக் காட்டியிருக்கிறது. இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? ரசிகர்கள் சிலர் அதே படத்தைத் தியேட்டர் பிரிண்டிலிருந்து ஸ்கேன் செய்து, ‘4கே77’ என்று பெயர் வைத்து, 2018லேயே இணையத்தில் விட்டுவிட்டார்கள். நான் பார்த்தேன். படக் கம்பெனி விற்பதைவிட இதுதான் அசல் என்பது என் கட்சி. நெகட்டிவ் எதற்கு, நல்ல பிரிண்ட் ஒன்று இருந்தால் போதுமே? தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டராக இருந்தவர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.

14 ஜூன், இரவு 9.40

இருக்கிறேன். 1984 முதல் 2009 வரை, லைசென்ஸ் வாங்கிய ஆபரேட்டர். தம்பி, பிரிண்ட் அசல் இல்லை. அசலுக்குக் கொள்ளுப்பேரன்.

கேமராவுக்குள் ஓடியது நெகட்டிவ். அதிலிருந்து இன்டர்பாசிட்டிவ் என்ற இடை நகல், அதிலிருந்து டூப் நெகட்டிவ் என்ற மறு நெகட்டிவ், அதிலிருந்துதான் கொட்டகைக்கு வரும் பிரிண்ட். ஒவ்வொரு படியிலும் கூர்மை கொஞ்சம் குறையும், துகள் (படத்தில் மணல்போல் தெரியும் பொடிப் புள்ளிகள்) கொஞ்சம் ஏறும், நிழலில் இருந்த மடிப்பும் முகமும் கறுப்போடு கறுப்பாகப் போய்விடும். இப்படி வந்த பிரிண்டை 4கேயில் ஸ்கேன் செய்வது, ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்ததை விலை உயர்ந்த கேமராவில் படம் பிடிப்பதுபோல. எண் பெரிதாக இருக்கும், உள்ளே சரக்கு இருக்காது.

நெகட்டிவ் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். சோறு இருக்கும்போது விதைநெல் எதற்கு என்று கேட்பதுபோல இருக்கிறது.

14 ஜூன், இரவு 10.05

எழுத மறந்தது. ‘நல்ல பிரிண்ட்’ என்று ஒன்று கொட்டகையிலிருந்து திரும்பி வராது. முதல் வாரம் கோட்டுப் போட்டு வரும், மூன்றாம் மாதம் கோவணத்தோடு நிற்கும். எங்கள் ஊர் மூன்றாம் சுற்று ஊர், மற்ற ஊர்கள் ஓட்டி முடித்த பிறகுதான் படம் வரும். பெட்டி பஸ் கூரையில் ஏறி வரும்போதே படத்தில் மழை பெய்யத் தொடங்கியிருக்கும். (இளைஞர்களுக்கு: பிலிமில் நெட்டுக்கு விழும் கீறல்களைத்தான் நாங்கள் மழை என்போம்.) கதாநாயகி வெயிலில் தலை உலர்த்துவாள், சுற்றிலும் மழை கொட்டும்.

15 ஜூன், காலை

“அந்த 4கே77ஐப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறீர்களா?” என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பார்த்துவிட்டு வருகிறேன். அக்கா மகன் கோவையில் இருக்கிறான், அவனிடம் இருக்கிறதாம்.

17 ஜூன், இரவு 11.30

பார்த்தேன். முதலில் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது, மீதிப் பாதியை விடப்போவதில்லை.

இந்தப் படத்தை முதலில் பார்த்தது 1986இல், துபாயிலிருந்து வந்த அண்ணன் கொண்டுவந்த வீடியோ கேசட்டில். இரண்டு பக்கமும் வெட்டிய படம், சிவப்பு நிறம் வழிந்து ஓடும் டி.வி. பிறகு மருமகன் ஒருநாள் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினான்: கம்பெனியின் புது வெளியீடு. துடைத்த கண்ணாடிபோல் இருந்தது. விண்வெளி நீலம் பூசிக்கொண்டிருந்தது. நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று இதைப் பார்க்கத் தொடங்கியதும் தொடக்கத்தில் ஏறிப்போகும் மஞ்சள் எழுத்தில் ‘எபிசோட் 4’ இல்லை. அது 1981 மறுவெளியீட்டில் சேர்த்தது என்று படித்திருக்கிறேன், சரி. அதற்குப் பிறகு ஏறத்தாழ இருபதாவது நிமிடத்தில், திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறைந்தது.

என் வலது கை தானாக நாற்காலியின் பக்கத்தில் எதையோ தேடியது.

அது ரீல் மாற்றும் குறி. கேபினில் இரண்டு புரொஜெக்டர் இருக்கும். ஒன்றில் ரீல் முடியப்போகிறது என்றால் முதல் புள்ளி வரும். அப்போது அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு விநாடி கழித்து இரண்டாவது புள்ளி வரும். அப்போது இதை மூடி அதைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் நான்கு பிரேம் (பிலிமில் அடுத்தடுத்த நான்கு படம்), விநாடியில் ஆறில் ஒரு பங்கு. கண் சிமிட்டினால் போயிற்று. கீழே உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேரில் ஒருவருக்கும் அது தெரியாது, எனக்கோ அதைத் தவிர வேறெதுவும் தெரியாது. பல படங்களில் கதை எனக்குப் புரிந்ததே இல்லை. மூலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவன். அந்தப் புள்ளியைக் கம்பெனி வெளியீட்டில் பார்க்க முடியாது, நெகட்டிவில் அது கிடையாது. பிரிண்டோடு பிறந்தது, கொட்டகைக்காகவே போட்டது.

புள்ளிக்காக மனம் மாறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். மாற்றியது நிறம்.

பாலைவனக் காட்சியில் கதாநாயகப் பையன் லூக் நிற்கிறான். மணல் மணலாக இருக்கிறது, தோல் தோலாக இருக்கிறது, வானத்தின் கறுப்பு வெறும் கறுப்பாக இருக்கிறது. 48 வருடம் பழைய பிரிண்ட் ஏன் சிவக்கவில்லை? என் காலத்து ஈஸ்ட்மன் கலர் பிரிண்டுகளை எனக்குத் தெரியும். முதலில் பச்சை கலந்த நீலச்சாயம் வெளுக்கும், மஞ்சளும் மெல்ல மெல்லப் போகும், மிஞ்சுவது செம்பருத்திச் சாறு. பத்து வருடம் குடோனில் கிடந்த பழைய படத்தை ஓட்டினால் வயலும் சிவப்பு, கடலும் சிவப்பு, வேட்டியும் சிவப்பு. கம்யூனிஸ்ட் கட்சி மாநாடு என்று கேலி செய்வோம்.

விசாரித்ததில் தெரிந்தது: இது டெக்னிகலர் பிரிண்ட். படத்தின் முன்னால் பெயர் போடுகிறார்களே, அந்த அர்த்தத்தில் இல்லை, அச்சிடும் முறையில். ஈஸ்ட்மன் பிரிண்டில் நிறம் ரசாயனக் கழுவலின்போது பிலிமுக்குள்ளேயே உருவாகிறது. டெக்னிகலர் முறையில் மூன்று அச்சு பிலிம்கள் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு சாயத்தை ஊறவைத்து, வெற்றுப் பிலிமின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றி எடுப்பார்கள். சுங்குடிச் சேலைக்குச் சாயம் ஏற்றுபவரிடம் கேட்டால் விளங்கும், தானே ஊறிய நிறமும் தேர்ந்தெடுத்து ஏற்றிய சாயமும் ஒன்றல்ல. இந்தச் சாயம் எளிதில் வெளுக்காது. அமெரிக்காவில் 1970களின் நடுவிலேயே அந்த முறையை விட்டுவிட்டார்கள். லண்டன் லேப் மட்டும் இன்னும் சில வருடம் ஓட்டியது. அதனால்தான் 1977இல் பிரிட்டனுக்கு அடித்த பிரிண்டுகளில் இந்த நிறம் பிழைத்திருக்கிறது. 12ஆம் தேதி லண்டனில் ஓடியதும் அந்த வகைதான். அதைப் பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரி குளிரில் வைத்திருந்தார்களாம். ரசிகர்களிடம் இருந்தது எந்தக் குளிரில் இருந்ததோ, இருந்தும் நிறம் நிற்கிறது.

ஆக, கூர்மையைப் பற்றி நான் சொன்னது சரி. கேள்வியைத்தான் தவறாகப் புரிந்துகொண்டேன். அன்று திரையில் மணல் என்ன நிறம் என்று கேட்டால், நெகட்டிவால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதற்குச் சாட்சி பிரிண்ட்தான். 1997இல் படத்தைப் புதுப்பித்தவர்களே நிறம் ஒத்துப்பார்க்க ஒரு டெக்னிகலர் பிரிண்டைத்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டார்களாம்.

18 ஜூன், காலை 6.15

தூக்கம் வரவில்லை. விதைநெல் என்று எழுதினேன் அல்லவா. அதிலும் ஓட்டை.

1997இல் ‘சிறப்புப் பதிப்பு’ வந்தபோது இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் புதுக் காட்சிகள் சேர்த்தார், பழையவற்றை மாற்றினார். அதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை, அவர் படம். ஆனால் மாற்றிய காட்சிகளை அந்த மூல நெகட்டிவிலேயே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். தனியாக ஒரு நகல் எடுத்து அதில் செய்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றுவது ஆபரேட்டர் புத்தி. பலன் என்னவென்றால், இன்று அந்த நெகட்டிவை எடுத்து அப்படியே பிரிண்ட் போட்டால் 1977இல் ஜனங்கள் பார்த்த படம் வராது. விதைநெல்லில் வேறு ரகத்தைக் கலந்தாயிற்று, உரிமையாளரே கலந்தார்.

2006இல் பழைய வடிவத்தை டி.வி.டி.யில் கொடுத்தார்கள், கூடுதல் வட்டாக. எதிலிருந்து? 1993இல் லேசர் டிஸ்க்குக்குச் செய்த மாஸ்டரிலிருந்து. அகலத்திரை டி.வி.யில் போட்டால் நாலு பக்கமும் கறுப்புக் கட்டி, நடுவில் தபால்தலை அளவில் படம். கேட்டவனுக்கு ஆறின கஞ்சி.

இதே லூகாஸ் 1988இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து, பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நிறம் ஏற்றுவதை எதிர்த்துச் சாட்சி சொன்னவர். கலைப்படைப்பை லாபத்துக்காக மாற்றுபவர்களைக் காட்டுமிராண்டிகள் என்றே சொன்னார். ஒன்பது வருடத்தில் மறந்துவிட்டது. ‘நான் என் படத்தைத்தானே மாற்றினேன்’ என்பார். அதுவும் ஒரு நியாயம்தான், தவறென்று முழுதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

18 ஜூன், மாலை

“யார் முதலில் சுட்டார்” என்று கீழே சண்டை போடுபவர்களுக்கு: மதுக்கடைக் காட்சியில், 1977இல் கடத்தல்காரன் ஹான் சோலோ மட்டுமே சுட்டான். 1997இல் எதிரே உட்கார்ந்திருந்த கிரீடோ முதலில் சுட்டான், பக்கத்திலிருந்தும் குறி தவறியது. 2004இல் ஏறக்குறைய இருவரும் ஒரே நேரத்தில். 2019இல் கிரீடோ சாவதற்கு முன் யாருக்கும் புரியாத ஒரு சொல்லை உதிர்த்தான். இன்னும் பத்து வருடம் போனால் இருவரும் டீ குடித்துவிட்டு எழுந்து போவார்கள். இதோடு இந்தச் சண்டையை நிறுத்துங்கள்.

20 ஜூன், இரவு

4கே77 செய்தவர்கள் தங்களை ‘டீம் நெகட்டிவ் 1’ என்கிறார்கள். படத்தில் 97 சதவீதம் ஒரே டெக்னிகலர் பிரிண்டிலிருந்து வந்தது என்று அவர்களே சொல்கிறார்கள். மீதி 3 வேறு பிரிண்டுகளிலிருந்து இட்டு நிரப்பியது.

அந்த 3 எனக்குக் குத்துகிறது. 121 நிமிடப் படம். விநாடிக்கு 24 பிரேம். ஒரு லட்சத்து 74 ஆயிரத்துச் சொச்சம் பிரேம். அதில் 3 சதவீதம் என்றால் ஐயாயிரத்துக்கு மேல். தேய்ந்ததோ, கிழிந்ததோ, வெட்டுப்பட்டதோ. வெட்டுப்பட்டது என்றால் வெட்டியது யார்? என்னைப்போல ஒருத்தன்.

1991 என்று நினைக்கிறேன். இரவுக் காட்சி. புரொஜெக்டரில் விளக்கின் வெளிச்சம் பிலிமில் படும் இடத்தைக் கேட் என்போம், அதில் பிலிம் சிக்கியது. மேலே சுருள் அவிழ்ந்துகொண்டே இருக்கிறது, கீழே நகரவில்லை, அதே பிரேமின்மேல் கார்பன் ஆர்க் விளக்கின் முழுச் சூடு. திரையில் நாயகியின் கன்னத்தில் ஒரு பழுப்புப் புள்ளி தோன்றி, கொப்புளித்து, வெடித்துப் பரவி, வெறும் வெள்ளை ஆனது. கீழே விசில், நாற்காலி உதை. ஷட்டரைச் சாத்தினேன். கருகியது இரண்டு பிரேம்தான், அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் பல்சக்கரம் ஓட்டைகளைக் கிழித்திருந்தது. கத்தரிக்கோலை எடுத்துத் தாராளமாக இரண்டு அடி வெட்டினேன். அடிக்கு 16 பிரேம், ஆக 32. பிளேடால் ஓரத்து மருந்தைச் சுரண்டி, பிலிம் சிமென்ட் என்ற பசையைத் தடவி, ஜாயினரில் அழுத்தி, பதினைந்து எண்ணிவிட்டு எடுத்து ஓட்டினேன். அவசரத்தில் ஓட்டையை ஒன்று தள்ளி ஒட்டிவிட்டேன்போலும். பிரேமுக்கு நான்கு ஓட்டை. கணக்குத் தப்பினால் அதற்குப் பிறகு திரையில் தலை கீழேயும் கால் மேலேயுமாக நிற்கும், நடுவில் கறுப்புக் கோடு. அதற்கும் ஒரு விசில். பிரேமிங் குமிழைத் திருப்பிச் சரிசெய்தேன்.

நாயகி ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து அடுத்த வாக்கியத்தின் நடுவுக்குத் தாவினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெட்டி எங்களிடமிருந்து அடுத்த ஊருக்குப் போயிற்று, அங்கே இன்னொருவர் வெட்டியிருப்பார்.

வெட்டிய துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன், பையனுக்கு. ஃபியூஸ் போன பல்பின் பின்பக்கத்தை உடைத்துத் தண்ணீர் நிரப்பி, வாசலில் கண்ணாடி வைத்து வெயிலை உள்ளே திருப்பி, தாத்தாவின் வேட்டியில் படம் காட்டுவார்களே, அதற்கு. தெருவில் எந்தப் பையனைக் கேட்டாலும் பிலிம் துண்டு வைத்திருப்பான். அத்தனையும் ஏதோ ஒரு பிரிண்டிலிருந்து போனதுதானே? இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

21 ஜூன்

ஒரு திருத்தம். வெட்டிய இடத்தில் படமும் ஒலியும் ஒன்றாகத் தாவும் என்று யாரோ கீழே எழுதியிருக்கிறீர்கள். இல்லை. ஒலியை வாசிக்கும் தலை, கேட்டுக்குக் கீழே ஏறத்தாழ 20 பிரேம் தள்ளி இருக்கிறது. அதனால் முதலில் படம் தாவும், ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவாகக் கழித்து ‘டப்’ என்று ஒலி தாவும். ஸ்கேன் செய்து பிரேமை மட்டும் வேறு பிரிண்டிலிருந்து இட்டு நிரப்பினால் போதாது, ஒலியில் விழுந்த பள்ளம் வேறு இடத்தில் இருக்கும். இதை அந்த ரசிகர்கள் ஒவ்வொரு ஒட்டுக்கும் செய்திருக்கிறார்கள் என்றால், கை எடுத்துக் கும்பிடுகிறேன்.

ஒலி என்றதும் நினைவு வந்தது. “கதவை மூடு” என்று ஒரு சிப்பாய் கத்துவது ரசிகர்கள் சேர்த்த சரடு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரடு இல்லை. 1977இலேயே இந்தப் படத்துக்கு மூன்று ஒலிக்கலவை. 70 மி.மீ. அகலப் பிரிண்டுக்கு ஆறு ஒலித்தடம், 35 மி.மீ.யில் டால்பி ஸ்டீரியோ. சாதாரணக் கொட்டகைக்கு மோனோ, அதாவது ஒரே தடம். மோனோவை மற்றவற்றுக்குப் பிறகு செய்தார்கள், அதில்தான் அந்த வசனம் முதலில் வந்தது. லூக்கின் சித்தி பேரூவின் குரல்கூட அதில் வேறு பெண்ணுடையது. ஆக, 1977இல் பெரிய நகரத்தில் 70 மி.மீ.யில் பார்த்தவரும் சின்ன ஊரில் மோனோவில் பார்த்தவரும் சந்தித்து அடித்துக்கொண்டால், இரண்டு பேரும் சரி. கேள்வி கேட்ட தம்பி, நீங்கள் சொல்லும் ‘அசல்’ இதில் எது?

21 ஜூன், சற்று நேரம் கழித்து

அவரை மடக்குவதற்காகக் கேட்டதல்ல. எனக்கே தெரியவேண்டும்.

25 ஜூன்

ரசிகர்கள் பிரிண்டை வைத்திருந்ததும் இணையத்தில் விட்டதும் திருட்டா இல்லையா என்று கீழே நாலு நாளாகச் சண்டை ஓடுகிறது. தொழிலில் இருந்தவன் என்ற முறையில்:

பிலிம் காலத்தில் பிரிண்டை யாரும் கொட்டகைக்கு விற்றதில்லை. வாடகைக்கு வரும், திரும்பப் போகவேண்டும், ஓட்டம் முடிந்தால் அழிக்க வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. நம் ஊரில் வெள்ளிக்காகக் கழுவினார்கள், மிச்சம் வளையலுக்கும் மணிக்கும் போயிற்று. ஆகவே தனியார் வீட்டில் ஒரு பிரிண்ட் இருக்கிறது என்றால், எங்கோ ஒருவர் அழிக்கவேண்டியதை அழிக்கவில்லை என்று அர்த்தம். சட்டப்படி குற்றம், பின்னால் பார்த்தால் புண்ணியம். 1974இல் நடிகர் ராடி மெக்டோவல் வீட்டில் எஃப்.பி.ஐ. புகுந்து அவர் சேர்த்து வைத்திருந்த பிரிண்டுகளை அள்ளிக்கொண்டு போனது. ஆள் மனிதக்குரங்கு வேடம் போட்டுப் பெயர் வாங்கியவர், படங்கள்மேல் பைத்தியம். வழக்குப் போடவில்லை, ஆனால் சேர்ப்பவர்கள் எல்லோரும் பயந்து போனார்கள். ஸ்டார் வார்ஸ் வந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து. அந்தப் பயத்திலும் ஒருவர் ஒரு பிரிண்டை ஒளித்து வைத்திருக்கிறார்.

ரசிகர் வேலையிலும் வகை உண்டு. செக் நாட்டுக்காரர் ஒருவர், ஹார்மி என்ற பெயரில், கம்பெனியின் புளூரேயையே அடித்தளமாக வைத்து, மாற்றிய இடங்களில் மட்டும் பழைய மூலங்களிலிருந்து ஒட்டுப்போட்டு ஒரு பதிப்புச் செய்தார். கம்பெனி வட்டை வாங்கியவர்கள் மட்டுமே பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அது சட்டத்துக்குப் போதுமா என்றால் போதாது. ஆள் காசு பார்க்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அமெரிக்கச் சட்டப்படி இந்தப் படம் பதிப்புரிமை முடிந்து பொதுச்சொத்தாக 2073 ஆகவேண்டும். ஈஸ்ட்மன் பிரிண்ட் அதுவரை காத்திருக்காது.

26 ஜூன்

இந்தியாவில் எப்படி என்று கேட்டவருக்கு: படத்துக்கு வெளியான வருடத்துக்குப் பிறகு 60 வருடம். 1964 வரை வந்த படங்களின் காலம் 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது. உடனே கிளம்பிவிட வேண்டாம், முதலில் பிரிண்ட் எங்கே என்று தேடுங்கள். உரிமை முடிந்த படத்துக்குப் பிரிண்ட் இல்லை, பிரிண்ட் இருக்கும் படத்துக்கு உரிமை முடியவில்லை. சீப்பு இருந்தால் தலையில் முடி இல்லை என்ற கதை.

29 ஜூன்

கேள்வி கேட்ட தம்பி ‘கீறல் விழுந்த பிரிண்டைப் பாதுகாத்து என்ன பயன்’ என்று இப்போது கட்சி மாறிவிட்டார். என்னாலா? அப்படியானால் நான் மறுபடி எதிர்க்கட்சிக்குப் போகிறேன்.

1927இல் வந்த ஜெர்மன் படம் ‘மெட்ரோபோலிஸ்’. வெளியான கொஞ்ச நாளிலேயே வெட்டிச் சுருக்கிவிட்டார்கள். வெட்டியது போனதுதான் என்று எண்பது வருடம் இருந்தார்கள். 2008இல் அர்ஜென்டினாவில், பியூனஸ் அயர்ஸ் சினிமா அருங்காட்சியகத்தில் ஒரு 16 மி.மீ. நகல் கிடைத்தது. கொட்டகைகளில் ஓடித் தேய்ந்த ஒரு 35 மி.மீ. பிரிண்டிலிருந்து எடுத்தது, அந்தப் பிரிண்ட் ஒரு சேகரிப்பாளரிடம் இருந்தது. ஏறத்தாழ 25 நிமிடம் அதிலிருந்துதான் திரும்பி வந்தது. 2010இல் வெளியிட்ட பதிப்பைப் பாருங்கள்: நல்ல காட்சி ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று அடைமழை. மீட்டவர்கள் எவ்வளவு துடைத்தும் போகவில்லை, கீறலோடு சேர்த்தே நகல் எடுத்திருந்தார்கள். அந்த மழையில் நனைந்துகொண்டுதான் அந்தக் காட்சியைப் பார்க்க முடியும், இல்லையென்றால் காட்சியே இல்லை.

பக்கத்து மாநிலத்திலும் உண்டு. மலையாள இயக்குநர் அரவிந்தனின் ‘கும்மாட்டி’ (1979). 2021இல் பழைய படங்களைப் பாதுகாக்கும் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் இத்தாலியின் போலோனியாவில் இருக்கும் ஆவணக்காப்பகத்தோடு சேர்ந்து மீட்டபோது, கையில் எடுத்தது புனே தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தில் இருந்த தியேட்டர் பிரிண்டைத்தான். நிறுவனமே சில நேரம் ரசிகர் செய்வதைத்தான் செய்யவேண்டியிருக்கிறது. கூடுதலாக அவர்களிடம் ரசீது இருக்கும்.

துடைப்பது பற்றி ஒன்று. 4கே77ஐ இரண்டு வடிவில் விட்டிருக்கிறார்கள், துகளோடு ஒன்று, துகளைக் குறைத்து ஒன்று. நான் பார்த்தது துகளோடு. மருமகனுக்கு மற்றது பிடிக்கிறது, ‘சுத்தமாக’ இருக்கிறதாம். துகள் அழுக்கு இல்லை. படமே துகளால்தான் ஆனது. பிம்பத்தை உண்டாக்கியது அது. தூசியையும் கீறலையும் பிரேம் பிரேமாக எடுப்பது வேறு வேலை. சென்னையில் பிரசாத் நிறுவனத்தில் வெளிநாட்டுப் படங்களுக்குக்கூட உட்கார்ந்து செய்கிறார்கள், அதற்குக் கண்ணும் பொறுமையும் வேண்டும். துகளைத் துடைப்பது, கோலத்தில் மாவு அதிகம் என்று கூட்டிவிடுவது.

30 ஜூன்

மருமகன் இதைப் படித்துவிட்டுப் போன் செய்தான். “மாமா, நீங்கள் மழைக்கும் வக்கீல், துகளுக்கும் வக்கீல், புள்ளிக்கும் வக்கீல். படத்துக்கு யார்?” என்கிறான். பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

3 ஜூலை

மூடிக்கிடக்கும் ஒரு கொட்டகையில் பதினோரு பெட்டி இருக்கிறது, என்ன செய்யலாம் என்று தனியாக ஒருவர் கேட்டிருக்கிறார். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் முகர்ந்து பாருங்கள். காடி (வினிகர்) வாடை வந்தால் அடிப்பிலிமே சிதையத் தொடங்கிவிட்டது. அந்த ஆவி பக்கத்துப் பெட்டியையும் கெடுக்கும், பிரித்து வையுங்கள். பாலிதீனில் சுற்றிக் கட்டாதீர்கள், ஆவி உள்ளேயே சுற்றி இன்னும் வேகமாக அரிக்கும். ஆசைக்குக்கூடப் புரொஜெக்டரில் ஏற்றாதீர்கள், சுருங்கிய பிலிமின் ஓட்டை பல்லில் உட்காராது, நடுவில் கிழியும். ரீவைண்டரில் கையால், மெதுவாக. நடுவில் ஒட்டு வந்தால் நிறுத்தி, விரலை வைத்துப் பார்த்து, பிறகு சுற்றுங்கள். பெட்டியின்மேல் ஒட்டிய காகிதம், உள்ளே இருக்கும் சென்சார் விவரம், கிழிந்த சீட்டு எதையும் எறியாதீர்கள். புனே ஆவணக்காப்பகத்துக்கு எழுதுங்கள். பதில் வரும்வரை பரணில் வைக்காதீர்கள், பரண் ஓட்டுக்கு அடியில் வெந்துபோகும். தரைத்தளத்தில், சுவரை ஒட்டாமல், பலகைமேல்.

3 ஜூலை, இரவு

அதை எழுதிவிட்டு என் பரணில் ஏறினேன். பிஸ்கட் டப்பா ஒன்று உண்டு என்று நினைவு. இருந்தது. திறந்ததும் காடி வாடை. லேசாகத்தான்.

உள்ளே ஏழெட்டுத் துண்டு. 1991 துண்டும் இருக்கிறது, ஒரு முனையில் என் பிளேடு சுரண்டிய தடம் தெரிகிறது. டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். எல்லாம் செம்பருத்தி நிறம். ஊஞ்சலில் ஒரு பெண், பக்கவாட்டில் முகம், கையில் பித்தளைச் செம்பு. பின்னால் தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர், தோளில் துண்டு. வாய் பாதி திறந்திருக்கிறது. என்ன படம் என்று எனக்கு நினைவில்லை, அன்றும் நான் மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். ஓரத்தில் கோடக் கம்பெனி அடையாளமாக ஒரு வட்டமும் ஒரு முக்கோணமும் இருக்கின்றன. பிலிம் தயாரித்த வருடத்தைக் குறிப்பது அது, அட்டவணை வைத்திருப்பவர்கள் சொல்லலாம்.

32 என்று எழுதியிருந்தேன். எண்ணினேன், 29. மகனுக்குப் போன் போட்டுக் கேட்டேன், மூன்றைப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு இரண்டு கோலிக்கு விற்றானாம்.

நாளை பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து இங்கே போடுகிறேன். ஊஞ்சல், பித்தளைச் செம்பு, தூண். 1991க்கு முந்தைய படம். அடையாளம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.